நரியா, பரியா? புதுக்கோட்டைக் குதிரைகளுக்கு ஏன் ஓர் அடையாளப் புத்தகம் வேண்டும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோயிலுக்குப் பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் பணத்தோடு வந்த மாணிக்கவாசகர், அந்தப் பணத்தைக் கோயில் பணிக்குச் செலவழித்துவிட்டார். அப்புறம் சிவபெருமானே குதிரை வியாபாரியாக மதுரைக்குப் போய்க் குதிரைகளை ஒப்படைத்தார். ராத்திரியானதும் அத்தனையும் நரியாக மாறி ஊளையிட்டன. இந்தக் கதை பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும்.

அதில் பலர் கவனிக்காத ஒரு சின்ன விவரம் உண்டு. வியாபாரி முறைப்படி கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார். கயிறு கை மாறியதும் குதிரை வாங்கியவர் பொறுப்பு. விடிந்ததும் மன்னன் கையில் மிஞ்சியது அந்தக் கயிறு மட்டும்தான். தான் வாங்கியது எந்தக் குதிரை என்று காட்ட அவரிடம் வேறு எதுவும் இல்லை.

கதை நடந்த அதே மாவட்டத்தில் இன்றைக்கும் குதிரைகள் ஓடுகின்றன. அறந்தாங்கி, திருமயம், அரிமளம் பக்கம் கோயில் திருவிழா என்றால் மாட்டு வண்டியோடு குதிரை வண்டி எல்கைப் பந்தயமும் நடக்கும். பெரிய குதிரை, சிறிய குதிரை என்று பிரிவுகள், மைல் கணக்கில் சொல்லும் தூரம், ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம், ஜெயித்த வண்டியின் சொந்தக்காரர் பெயரும் ஊர்ப் பெயரும் மைக்கில். குதிரையின் பெயரில் மட்டும் ஒரு காகிதம் கூட இருக்காது. இது இன்னாருடைய குதிரை, வயது இவ்வளவு, இன்ன ஊசி போட்டிருக்கிறது என்று சொல்ல ஆள் உண்டு. அதை நிரூபிக்க இன்னும் அந்தப் பழைய கயிறுதான்.

இங்கிலாந்திலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் குதிரை வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் குதிரைக்குப் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் எல்லாக் குதிரைக்கும் பொருந்தும் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அது நமக்கும் வேண்டுமா? வேண்டும். ஆனால் அப்படியே காப்பி அடித்து அல்ல. ஏன், எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குதிரைக்குப் பாஸ்போர்ட்டா? அதில் என்ன இருக்கும்?

பெயரைக் கேட்டதும் விமான நிலையம்தான் ஞாபகம் வரும். உண்மையில் இது பயணத்துக்கான ஆவணம் மட்டும் இல்லை. பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை மூன்றும் சேர்ந்த ஒரு சின்னப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் பக்கங்களில் குதிரையின் இனம், நிறம், பாலினம், பிறந்த தேதி ஆகியவை இருக்கும். கூடவே, வெறும் கோட்டால் வரைந்த குதிரை உருவம் ஒன்று. இடது பக்கம், வலது பக்கம், முகம், கால் என எல்லாக் கோணத்திலும் இருக்கும் அந்தப் படத்தில், கால்நடை மருத்துவர் அந்தக் குதிரையின் அடையாளங்களைக் கையால் குறிப்பார். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, மூக்கு வரை இறங்கும் வெள்ளைக் கோடு, குளம்புக்கு மேல் வெள்ளை, அப்புறம் முடிச் சுழிகள்.

ஆமாம், சுழிதான். நம்ம ஊரில் குதிரை வாங்கப் போகும் பெரியவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். 'சுழி சுத்தமா இருக்கா' என்று கேட்காமல் விலை பேச மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது ராசிக்காக. பாஸ்போர்ட்டில் குறிப்பது அடையாளத்துக்காக. குட்டியில் கருஞ்சாம்பலாக இருக்கும் குதிரை வயதானால் வெள்ளையாகிவிடலாம். ஆனால் சுழி இருக்கும் இடம் ஆயுசுக்கும் மாறாது. நம்ம தாத்தாக்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த விஷயத்தைத்தான் அங்கே காகிதத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

அடுத்தது மைக்ரோசிப். அரிசி அளவுதான் இருக்கும். கழுத்தின் இடது பக்கம், பிடரிமயிருக்குக் கீழே ஊசி மாதிரி செலுத்துவார்கள். அதற்குள் 15 இலக்க எண் ஒன்று மட்டும் இருக்கும். பேட்டரி கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது. குதிரை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. ரீடரைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணும் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால், புத்தகம் இந்தக் குதிரையுடையது.

மீதிப் பக்கங்களில் போட்ட தடுப்பூசிகள், கொடுத்த மருந்துகள், யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது என்ற விவரம் இருக்கும்.

இவ்வளவு கெடுபிடி எதுக்கு வந்தது?

2013 ஜனவரி. மாட்டிறைச்சி என்று விற்ற பர்கர்களில் குதிரையின் டி.என்.ஏ. இருப்பதாக அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. சில வாரங்களில் ஐரோப்பாவே அதிர்ந்தது. ஏமாற்றியதோடு பிரச்சினை முடியவில்லை. குதிரைகளுக்கு வலி குறைக்கக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோன் என்ற மருந்து மனித உணவில் சேரவே கூடாது. அந்த மருந்து போட்ட குதிரை உணவுச் சங்கிலிக்குள் வராமல் தடுப்பதுதான் பாஸ்போர்ட்டின் ஒரு முக்கிய வேலை.

விசாரித்தபோது பாஸ்போர்ட் முறையிலேயே ஓட்டைகள் இருந்தது வெளியே வந்தது. புத்தகம் கொடுக்கும் அமைப்புகள் ஏராளம். ஒரே குதிரைக்கு இரண்டு புத்தகம் வாங்கவும் வழி இருந்தது. அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. 2009 ஜூலைக்குப் பிறகு பிறந்த குதிரைகளுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த சிப், 2020 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் எல்லா வயதுக் குதிரைக்கும் கட்டாயம் ஆனது. அங்கே பாஸ்போர்ட் இல்லாமல் குதிரையை விற்கக் கூடாது. குதிரை எங்கே போனாலும் புத்தகமும் கூடவே போக வேண்டும்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. புத்தகம் மட்டும் போதாது, ஒரு குதிரைக்கு ஒரே எண், ஒரே பதிவேடு வேண்டும். இல்லையென்றால் அது இன்னொரு காகிதமாகிவிடும்.

இந்தியாவில் யாரிடம் இருக்கிறது?

பணமும் போட்டியும் பெரிதாக இருக்கும் இடத்தில் இங்கேயும் இருக்கிறது. ரேஸ் கோர்ஸில் ஓடும் தரோபிரெட் குதிரைகளுக்கு, புனேயில் இருக்கும் இந்திய ஸ்டட் புக் ஆணையத்தின் பதிவு இல்லாமல் வேலையே நடக்காது. குதிரையேற்றப் போட்டிகளுக்கு இந்திய குதிரையேற்றக் கூட்டமைப்பின் பதிவு தேவை. சர்வதேசப் போட்டி என்றால் சர்வதேசக் கூட்டமைப்பின் பாஸ்போர்ட்டும் வேண்டும்.

அந்த உயரத்திலும் நமக்கு ஒரு சிக்கல் இருந்தது. 2023-ல் சீனாவின் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரெசாஜ் அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982-க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம் அது. ஆனால் அந்த வீரர்கள் பல வருடம் ஐரோப்பாவிலேயே தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள். குதிரைகளும் அங்கேயே இருந்தவை. இந்தியாவிலிருந்து குதிரையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது அவ்வளவு கஷ்டம். குதிரைக்கு நோய் இல்லை என்று மற்ற நாடுகள் நம்ப வேண்டும், நம்ப வேண்டுமென்றால் அதன் வரலாறு பதிவாகி இருக்க வேண்டும். 2025 ஜூலையில்தான் மீரட்டில் உள்ள ராணுவ கால்நடைப் படை மையத்தை, குதிரை நோய்கள் இல்லாத தனிப் பகுதியாக உலக விலங்கு சுகாதார அமைப்பு அங்கீகரித்தது. ஒழுங்கான பதிவு இருந்தால் கதவு திறக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

சரி, அது ராணுவம், ஒலிம்பிக் ரேஞ்ச். அரிமளத்தில் ஓடும் குதிரைக்கு?

புதுக்கோட்டைக் குதிரைக்காரர் இப்போதே என்னென்ன வைத்திருக்கணும்?

'நம்ம குதிரைக்குச் சட்டம் ஒண்ணும் கிடையாது' என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. பாஸ்போர்ட்தான் இல்லை. சட்டம் இருக்கிறது, அதுவும் நாலைந்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது.

*வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால்:* 1978-ம் வருட விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, குதிரை பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது, தொற்று நோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் தந்த சான்று கூடவே இருக்க வேண்டும். அனுப்புபவர், பெறுபவர் பெயர், முகவரி, எத்தனை குதிரை, எவ்வளவு தீவனம் என்று சிவப்பு எழுத்தில் ஒரு சீட்டு வேண்டும். ஒரு லாரியில் நான்கு முதல் ஆறு குதிரைக்கு மேல் ஏற்றக் கூடாது. மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. தரை வழுக்காமல் இருக்க வேண்டும், ஒவ்வொரு குதிரைக்கும் இடையே மூங்கில் தடுப்பு வேண்டும்.

*நடத்திக் கூட்டிக்கொண்டு போனால்:* 5 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் 2001-ம் வருட விதிகள் வரும். அதற்கும் மருத்துவர் சான்று தேவை. சூரிய உதயத்துக்கு முன்பும் அஸ்தமனத்துக்குப் பிறகும் நடத்திச் செல்லக் கூடாது.

*வண்டியில் பூட்டி வேலை வாங்கினால்:* 1965-ம் வருட விதிகளின்படி ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில், மதியம் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. புதுக்கோட்டையின் சித்திரை, வைகாசி வெயில் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

*பொதுமக்கள் முன் நிகழ்ச்சியில் பயன்படுத்தினால்:* 2001-ம் வருட நிகழ்த்து விலங்குகள் பதிவு விதிகள் சினிமாவையும், பொதுமக்கள் வரும் குதிரை நிகழ்ச்சிகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. அதற்கு இந்திய விலங்கு நல வாரியத்தில் பதிவு தேவை. முன்பு சென்னையில் இருந்த அந்த வாரியத் தலைமையகம் இப்போது ஹரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது.

*குதிரை அவிழ்ந்து ரோட்டுக்கு வந்துவிட்டால்:* விலங்கைக் கவனக்குறைவாக விட்டு மனித உயிருக்கு ஆபத்து வரும் நிலை ஏற்பட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தப் பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எல்லாமே சான்று கேட்கின்றன, பொறுப்பு கேட்கின்றன. ஆனால் 'இந்தச் சான்று இந்தக் குதிரையுடையதுதானா' என்று உறுதி செய்ய ஒரு வழியைக் கூடச் சொல்லவில்லை. 'செந்நிறம், ஆண், வயது 6' என்று எழுதிய காகிதம், மாவட்டத்தில் இருக்கும் எந்தச் செந்நிற ஆண் குதிரைக்கும் பொருந்தும்.

பேப்பர் இல்லைன்னா என்ன ஆகிடப் போகுது?

மூன்று விஷயம் ஆகும்.

முதலாவது, நோய். கிளாண்டர்ஸ் என்று ஒரு பாக்டீரியா நோய். குதிரை, கழுதை, கோவேறு கழுதைக்கு வரும். மூக்கிலிருந்து சளி, மூக்குக்குள் புண், தோலில் வரிசையாகக் கட்டிகள். தடுப்பூசி கிடையாது. மனிதருக்கும் பரவும், உயிரையே எடுக்கக் கூடும். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டுபவர், சாரதி, லாயம் கூட்டுபவர் என்று பக்கத்திலேயே இருப்பவர்களுக்குத்தான் முதல் ஆபத்து. இந்தியாவில் 2006-ல் மகாராஷ்டிரத்தில் மறுபடி தலைகாட்டிய பிறகு, பல மாநிலங்களில் இது பதிவாகியிருக்கிறது.

ரத்தப் பரிசோதனையில் நோய் உறுதியானால் அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்வதுதான் நடைமுறை. 2009-ம் வருடத்து கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, நோய் இருக்கும் என்று சந்தேகம் வந்தாலே உரிமையாளர் தகவல் சொல்லியாக வேண்டும். அறிவிக்கப்பட்ட கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் விலங்குகளை நகர்த்தவும் தடை வரும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பந்தயத்துக்கு நாலைந்து மாவட்டக் குதிரைகள் வருகின்றன. ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கின்றன. பத்து நாள் கழித்து ஒரு குதிரைக்கு நோய் உறுதியாகிறது. அன்றைக்குப் பக்கத்தில் நின்ற குதிரைகள் எவை, இப்போது எங்கே, யாரிடம்? பெயர் எழுதிய நோட்டில் இருப்பது வண்டிச் சொந்தக்காரர் பெயர். அவர் குதிரையை அதற்குள் விற்றிருந்தால்? சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

இரண்டாவது, சிகிச்சை. பந்தயத்தில் வண்டிக் கம்பி கிழித்து ஒரு குதிரைக்குக் காயம். டெட்டனஸ் எனும் ரணஜன்னிக்குக் குதிரை மிகச் சுலபமாக ஆளாகும் விலங்கு. இதற்கு முன் தடுப்பூசி போட்டிருக்கிறதா, எப்போது, என்ன மருந்து ஒத்துக்கொள்ளவில்லை? மருத்துவர் கேட்கும் கேள்விக்கு, 'போன வருஷம் பழைய ஓனர் போட்டதா சொன்னார்' என்பது பதில் இல்லை.

மூன்றாவது, பணம். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை தமிழ்நாட்டின் பெயர் பெற்ற குதிரைச் சந்தை. மார்வாரி, கத்தியவாரி என்று சொல்லி விலை பேசுவார்கள். அது உண்மையில் அந்த இனம்தானா, சொன்ன வயதுதானா, திருட்டுக் குதிரை இல்லையா? பல்லைப் பார்த்து வயதை ஓரளவு கணிக்கலாம். மற்றதெல்லாம் நம்பிக்கை. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கும் குதிரை என்றால் நாளைக்குப் பங்கு பிரிக்கும்போதும் இதே தகராறு. காணாமல் போனால் போலீஸில் என்ன அடையாளம் சொல்லிப் புகார் கொடுப்பது? இன்னொரு ஊரில் பிடிபட்டால் அது நம்மளுடையது என்று எப்படி நிரூபிப்பது?

நம்ம மாவட்டத்தில் இது முடியுமா?

முடியும் என்று இதே மாவட்டத்துக் காளைகள் காட்டியிருக்கின்றன.

ஜல்லிக்கட்டுக்கு 2017-ல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டு வந்தபோது விதிமுறைகளும் வந்தன. இன்று வாடிவாசலுக்குள் நுழைய வேண்டும் என்றால் உரிமையாளரோடு காளை நிற்கும் போட்டோ, ஆதார், கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று, ஆன்லைன் பதிவு, டோக்கன் எல்லாம் தேவை. ஆரம்பத்தில் 'காளைக்கு டோக்கனா' என்று முகம் சுளித்தவர்கள்கூட, இப்போது மார்கழியிலேயே பதிவுக்கு மொபைலோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். வருடத்தின் முதல் ஜல்லிக்கட்டு என்று பெயர் பெற்ற தச்சங்குறிச்சி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டார்கள். அத்தனை காளைக்கும் ஒழுங்கு கொண்டுவர முடிந்த மாவட்டத்துக்கு, ஒரு பந்தயத்துக்கு வரும் குதிரைகள் ஒரு பெரிய எண்ணிக்கையே இல்லை.

2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று சொன்னபோது, விதிமுறைகள் காகிதத்தோடு நிற்காமல் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. பதிவும் பரிசோதனையும் இருந்ததால்தான் அந்தப் பாரம்பரியத்துக்காக நீதிமன்றத்தில் வாதாட முடிந்தது. குதிரைப் பந்தயத்தை நேசிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பால் மாட்டுக்கும் எருமைக்கும் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை வந்து வருடங்கள் ஆகின்றன. வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம் என்று சென்னை மாநகராட்சி 2025-ல் அறிவித்தது. அடையாறில் ஒரு பொமரேனியனுக்கு எண் இருக்கிறது, ஆலங்குடியில் வண்டி இழுக்கும் குதிரைக்கு இல்லை.

எதிர்ப்பு வராதா?

வரும். அதில் நியாயமும் இருக்கிறது.

குதிரை வைத்திருப்பவர் எல்லோரும் வசதியானவர் இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சுமார் 3.4 லட்சம். 2012-ல் சுமார் 6.25 லட்சம் இருந்தன. ஏழு வருடத்தில் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிட்டது. மிச்சம் இருப்பவர்கள் வண்டி, கல்யாண ஊர்வலம், பந்தயம் என்று எப்படியோ குதிரையைக் காப்பாற்றி வருகிறவர்கள். அவர்கள் தலையில் இன்னொரு கட்டணம், இன்னொரு அலைச்சல், இன்னொரு அபராதம் என்று ஏற்றினால் குதிரையையே விட்டுவிடுவார்கள். 'எங்கே உன் பேப்பர்' என்று வழியில் நிறுத்த இன்னொரு சாக்கு கிடைத்துவிடும் என்ற பயமும் பொய்யில்லை.

இன்னொரு பயம் அதைவிட ஆழமானது. பதிவு செய்தால் பரிசோதனை வரும், பரிசோதனையில் நோய் வந்தால் குதிரையைக் கொன்றுவிடுவார்கள். அதற்கு அரசுத் திட்டத்தில் இழப்பீடு உண்டு. ஆனால் ஒரு பந்தயக் குதிரைக்குக் கொடுத்த விலைக்கு அது ஈடாகாது. இந்தப் பயத்தைப் போக்காமல் பதிவைக் கட்டாயமாக்கினால், குதிரைகள் இருட்டுக்குள் போய்விடும். நோயும் கூடவே போகும்.

அதனால் முதல் நாளே சட்டம், அபராதம் என்று ஆரம்பிப்பது சரியான வழி இல்லை.

அப்போ எப்படி ஆரம்பிக்கலாம்?

கோயில் திருவிழாவில் இருந்து ஆரம்பிக்கலாம். பந்தயம் நடத்தும் ஊர்க் கமிட்டி ஏற்கனவே அனுமதி கேட்டு அரசு அலுவலகங்களுக்கு நடக்கிறது. அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் அடையாள எண் வேண்டும். முதல் வருடம் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. எண் இல்லாமல் வரும் குதிரைக்கு அங்கேயே, அன்றைக்கே, இலவசமாகச் சிப் போட்டு, சுழி வரைந்து, புத்தகம் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அதற்கு ஆள் இருக்கிறார்கள். மாவட்டம் முழுக்கக் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அதன் மாணவர்களுக்கு ஒரே நாளில் இத்தனை குதிரைகளைப் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? இல்லாதது சிப்பும், சிப் ரீடரும், ஒரு பதிவேடும்தான். அந்தச் செலவை அரசு ஏற்கலாம். அதே மாதிரி அந்தியூர் சந்தையில் ஒரு முகாம் போட்டால், விற்கும் இடத்திலேயே குதிரை எண்ணோடு கை மாறும்.

ஐரோப்பா செய்த தப்பையும் தவிர்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு புத்தகம் என்று போனால் ஒரே குதிரை இரண்டு பெயரில் ஓடும். கால்நடைப் பராமரிப்புத் துறையின் ஒரே பதிவேட்டில், ஒரு குதிரைக்கு ஒரே எண் இருக்க வேண்டும். வாங்கியவர், விற்றவர் இருவரும் மொபைலில் ஓ.டி.பி. போட்டால் உரிமை மாறிவிட வேண்டும். பழைய கயிறு மாற்றும் சடங்கு அப்படியே இருக்கட்டும், கூடவே இதுவும் நடக்கட்டும்.

கட்டாயம் என்ற பேச்சு, பாதிக்கு மேல் குதிரைகள் பதிவான பிறகு வரட்டும். அதற்கு முன் இழப்பீட்டுத் தொகையைச் சந்தை விலைக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

அதுவரைக்கும் குதிரை வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம். கையில் இருக்கும் போனே போதும்.

* குதிரையின் இடது பக்கம், வலது பக்கம், முகம், நாலு கால், ஒவ்வொரு சுழி என்று பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துத் தனி ஃபோல்டரில் வையுங்கள். ஒரு போட்டோவில் நீங்களும் கூட நில்லுங்கள்.
* வாங்கும்போது வெள்ளைத் தாளிலாவது விற்பனை ரசீது எழுதி வாங்குங்கள். விற்றவர் பெயர், முகவரி, தேதி, விலை, குதிரையின் அடையாளங்கள், இரண்டு சாட்சி கையெழுத்து.
* தடுப்பூசி, குடற்புழு மருந்து, சிகிச்சைச் சீட்டுகளை ஒரே நோட்டில் ஒட்டி வையுங்கள். விற்றால் அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.
* வெளியூர் கிளம்பும் முன் பக்கத்து மருந்தகத்தில் தகுதிச் சான்று வாங்குங்கள். சான்றில் நிறம், வயதோடு சுழி, வெள்ளை அடையாளங்களையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.
* மூக்கில் சளியோடு புண், தோலில் கட்டி தெரிந்தால் பந்தயத்தை மறந்துவிட்டு முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெறும் கையால் தொட வேண்டாம்.

ஆலங்குடி பக்கம் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 33 அடி உயரக் குதிரைச் சிலை நிற்கிறது. மாசி மகத்துக்கு ஊர் ஊராக வந்து அதற்குக் காகிதப்பூ மாலை சாத்துகிறார்கள். சாமியின் குதிரைக்கு இவ்வளவு காகிதம் சாத்தும் மாவட்டம், ரோட்டில் ஓடும் உயிருள்ள குதிரைக்கும் நாலு பக்கக் காகிதம் கொடுக்கலாம். அடுத்த திருவிழாவுக்கு அனுமதி கேட்டு எந்த ஊர்க் கமிட்டி முதலில் கடிதம் எழுதுகிறதோ, அந்த ஊரிலேயே அதைத் தொடங்கிவிடலாம்.